குணி இன்ஸ்பெக்டருக்கு ஒரு வரவேற்புரை

காக்கி நிறத்தில் எது கண்ணில் பட்டாலும் என் வலது கை தானாக நெற்றிக்குப் போய்விடும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புனேயில் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் காக்கிச் சட்டைதான் போடுவார்கள். ஊரிலிருந்து வந்த புதிதில் நான் தெருவில் சலாம் வைத்துக்கொண்டே நடப்பேன். கை காட்டிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஆட்டோக்கள் வந்து நிற்கும். "எங்கே போகணும்?" என்று அதட்டலாகக் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல பயந்து ஏறி உட்கார்ந்துவிடுவேன். (புனேயை நான் சுற்றிப் பார்த்தது பெரும்பாலும் இப்படித்தான்.)

ஆனால் செல்போனைக் கையில் எடுத்துவிட்டால் ஆள் வேறு. எங்கேயாவது போலீஸ் லத்தியைச் சுழற்றிய வீடியோ வந்தால் போதும், "மக்கள் பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு மக்களையே அடிப்பதா?" என்று எல்லா வாட்ஸப் குழுவுக்கும் அனுப்பிவிட்டு, வாசலில் ரோந்து வரும் கான்ஸ்டபிளின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வேன்.

கல்யாணமாகி, மாமனாரின் கடையைப் பார்த்துக்கொள்வதற்காக மேலப்பாளையத்திலிருந்து புனேக்கு வந்தவன் நான். குடை, ரெயின்கோட், ஸ்கூல் பை விற்கிற கடை. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கடைத்தெரு. எந்தத் தெரு, எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தெருவில் போலீஸைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. என் மாமனாருடையது மிகப் பழையது. "மாப்ளே, போலீஸ்கூட தோஸ்தியும் ஆகாது, துஷ்மனியும் ஆகாது. சலாம் போட்டோமா, நகந்தோமான்னு இருக்கணும்" என்பார், நட்பும் வேண்டாம் பகையும் வேண்டாம் என்று. எதிர்த்த ஸ்டேஷனரி கடை குல்கர்னி காகாவுக்குப் போலீஸ் மேல் அசையாத பக்தி. யாரையாவது பிடித்துக்கொண்டு போனால், "ஏதாவது செய்திருப்பான். சும்மாவா பிடிப்பார்கள்?" என்பார். ஹெல்மெட் இல்லாமல் போன அவருடைய மகனைப் பிடித்த அன்று மட்டும், "இது சர்வாதிகாரம்" என்றார். மறுநாள் பக்தி திரும்பிவிட்டது. மூன்றாமவர் எங்கள் ஏரியா அரசியல்வாதி. எல்லாரும் அவரை 'பாவூ' என்று கூப்பிடுவார்கள், அதாவது அண்ணன். அவருடைய கட்சி ஆட்சியில் இருந்தால் போலீஸ் நம் சகோதரர்கள். இல்லாவிட்டால் அரசாங்கத்தின் கூலிகள். பாவூ அடிக்கடி கட்சி மாறுகிறவர் என்பதால், போலீஸ் இன்றைக்குச் சகோதரனா கூலியா என்று அவர் வீட்டு வாசலில் பறக்கும் கொடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நிலையில், சில வருஷங்களுக்கு முன் கணபதி பண்டிகையும் மீலாது ஊர்வலமும் அடுத்தடுத்து வந்தன. அப்படி வந்தால் போலீஸ் எல்லாத் தரப்பையும் கூப்பிட்டு 'சாந்ததா கமிட்டி' என்று ஓர் அமைதிக் கூட்டம் போடும். முனிசிபல் பள்ளிக்கூட ஹாலில், டீ வடாபாவோடு நடக்கும். அந்த வருஷம் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். கடைத்தெரு சார்பில் யாராவது அவரை வரவேற்று நாலு வார்த்தை மராட்டியில் பேச வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

ஒருவரும் முன்வரவில்லை. குல்கர்னி காகாவுக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. மற்றொருவருக்கு அன்றைக்கென்று நாசிக்கில் கல்யாணம். புகழ்ந்து பேசினால் தெருவே சிரிக்கும். குறை சொன்னால் போலீஸ் ஞாபகம் வைத்துக்கொள்ளும். எதற்கு வம்பு?

நான்தான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் கப் வாங்கியவன். (மூன்றாம் பரிசு. போட்டியிட்டவர்களும் மூன்றே பேர்.) மராட்டி தெரியாதே என்று கேட்பீர்கள். கடைக்கு வருகிறவர்களிடம் "காய் பாஹிஜே?", என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியும். விலை சொல்லத் தெரியும். டெம்போ டிரைவர்கள் திட்டுவது முழுக்கப் புரியும். ஒரு வரவேற்புரைக்கு இது போதும் என்று நினைத்தேன்.

மாமனார் முதலில் பதறினார். பிறகு யோசித்து, "சரி, பேசுங்க. ஆனா தாரீஃப் பண்ணி, புகழ்ந்துதான் பேசணும். இர்ஃபானோட ஃபைல் அங்கதான் கெடக்கு" என்றார். இர்ஃபான் என் மச்சினன். துபாயில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை முடியாமல் காத்திருந்தான். கம்பெனிக்காரன் இன்னும் கொஞ்ச நாள்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டான். வீட்டில் எல்லாரும் அவனைப் பாதி விமானம் ஏறியவனைப் போலவே நடத்திக்கொண்டிருந்தோம்.

இன்னொரு விவகாரமும் ஸ்டேஷனில் இருந்தது. கடை வாசலில் நிறுத்தியிருந்த எங்கள் ஸ்கூட்டர் திருட்டுப் போய்விட்டது. புகார் கொடுக்கப் போனால் 'திருட்டு' என்று எழுத மாட்டோம், 'காணாமல் போனது' என்று எழுதிக்கொடுங்கள் என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். திருட்டு என்று எழுதினால் வழக்காகிவிடுமாம்; கண்டுபிடிக்க வேண்டிவருமாம். என் மனைவி ரிஸ்வானாவுக்கு இதில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "காணாமப் போறதுக்கு அது என்ன, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கா போச்சு?" என்று இட்லிக்கு மாவு ஊற்றும்போதெல்லாம் கேட்பாள்.

ரிஸ்வானா புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். மராட்டி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் சொல்லச் சொல்ல உரையை நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். எனக்கு மராட்டி படிக்கத் தெரியாது.

"எழுதுங்க மச்சான். 'ஆம்ச்சே குணி சாஹேப்'. குணின்னா நல்ல குணம் உள்ளவங்க."

எழுதினேன்.

"அடுத்தது, 'ஆம்ஹி சக்ளே தும்ச்சி வாட் பாஹத் ஹோதோ.' நாங்க எல்லாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்."

"ரொம்பச் சின்னதா இருக்கே. கொஞ்சம் பெரிய வார்த்தையாப் போடக் கூடாதா?"

"நீங்க இதைச் சொன்னாலே பெரிசு. கடைசியா, 'ஆம்ச்சா போலிஸான்வர் பூர்ண விஷ்வாஸ் ஆஹே.' எங்களுக்குப் போலீஸ் மேல முழு நம்பிக்கை இருக்கு."

இதைச் சொல்லும்போது அவளுக்கே இருமல் வந்துவிட்டது.

கடைசியாக ஒரு யோசனையும் சொன்னாள். "இங்க உள்ளவங்க நெறைய எழுத்தை நல்லா மூச்சு விட்டுச் சொல்லுவாங்க. நீங்க தட்டையாப் படிச்சா மதராஸின்னு தெரிஞ்சுபோயிரும்." இந்த ஒரு யோசனையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று முழுவதும் கடையில் மூச்சு விட்டுப் பழகினேன். குடை வாங்க வந்த ஓர் அம்மாள், ஆஸ்துமாவா என்று கேட்டார்.

கூட்டத்தன்று ஹால் நிறைந்திருந்தது. மேடையில் இன்ஸ்பெக்டர், அவருக்கு ஒரு பக்கம் பாவூ, மறுபக்கம் கணபதி விழா நடத்தும் இரண்டு மண்டல்காரர்கள், பள்ளிவாசல் தலைவர். (பாவூ வீட்டு வாசலில் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்குப் போலீஸ் சகோதரர்கள்.) இன்ஸ்பெக்டர் நல்ல உயரம், கல்லில் செதுக்கிய முகம். பெண்கள் வரிசையில் ரிஸ்வானாவும், அவள் பக்கத்தில் இர்ஃபானுக்காக தஸ்பீஹ் மணி உருட்டியபடி என் மாமியாரும். சுவரோரமாக ஒரு லேடி கான்ஸ்டபிள் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். காகிதத்தைப் பிரித்தேன். எதிரே கும்பலாகக் காக்கி. சலாம் வைத்தேன். கையில் காகிதம் இருந்ததால் அது முகத்தை மூடிக்கொண்டது. விலக்கிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஆரம்பித்தேன்.

"ஆம்ச்சே குணி சாஹேப்!"

தமிழில் 'கு' ஒன்றுதான். குதிரைக்கும் அதுதான், குணத்துக்கும் அதுதான். நான் குதிரையில் வரும் 'கு'வை எடுத்து, அதற்குள் என் ஒருநாள் பயிற்சி முழுவதையும் ஊதிவிட்டேன். அப்படி ஊதினால் அது மராட்டியில் 'குனி' என்ற வேறு வார்த்தை. கொலைகாரன் என்று அர்த்தம். எங்கள் கொலைகார சாஹேப் அவர்களே என்று கூப்பிட்டிருக்கிறேன்.

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் பேச்சில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அமைதி தந்த உற்சாகத்தில், இன்னும் அழுத்தமாக, இன்ஸ்பெக்டரை நோக்கிக் கையை நீட்டி அதை மறுபடியும் ஒருமுறை சொன்னேன்.

ரிஸ்வானா எழுந்து நிற்பது தெரிந்தது. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து அவளுக்குத் தலையசைத்தேன். திரும்பிப் பார்த்தால் காகிதத்தில் நான் விட்ட இடத்தைக் காணவில்லை. பரவாயில்லை, மனப்பாடம்தானே என்று தொடர்ந்தேன். "ஆம்ஹி சக்ளே தும்ச்சி வாட்..."

வாட் வரைக்கும் வந்துவிட்டது. அதற்கப்புறம் என்ன? நாக்கு நின்றது. 'வாட்' என்ற சொல்லை நான் தினமும் கேட்பது டெம்போ டிரைவர்களிடம்தான். அவர்கள் அதோடு எப்போதும் ஒரே வார்த்தையைத்தான் சேர்ப்பார்கள். நாக்கு பழகிய தடத்திலேயே போய்விட்டது.

"...லாவ்லி!"

உங்களுக்காகக் காத்திருந்தோம் என்பதற்குப் பதிலாக, உங்களை நாங்கள் எல்லாரும் சேர்ந்து நாசம் பண்ணிவிட்டோம் என்று ஆகிவிட்டது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். கை தட்டினார்கள். ஆஹா, கூட்டம் நம் பக்கம் வந்துவிட்டது!

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைசி வரி பாக்கி இருந்ததே. ரிஸ்வானா சொன்னதெல்லாம் சின்னச் சின்ன வார்த்தை என்ற குறை எனக்கு முதலிலிருந்தே உண்டு. அந்தச் சமயத்தில் மகாராஷ்டிராவில் கட்சிகள் உடைந்துகொண்டே இருந்தன. மேடைக்கு மேடை தலைவர்கள் "விஷ்வாஸ்காத்! விஷ்வாஸ்காத்!" என்று முழங்குவார்கள், கூட்டம் ஆர்ப்பரிக்கும். விஷ்வாஸ் என்றால் நம்பிக்கை. அப்படியானால் விஷ்வாஸ்காத் என்பது அதைவிடக் கனமான நம்பிக்கையாகத்தானே இருக்க வேண்டும்?

"ஆம்ச்சா போலிஸான்வர்," என்று குரலை உயர்த்தி, மேஜையைத் தட்டி முடித்தேன், "பூர்ண விஷ்வாஸ்காத் ஆஹே!"

நம்பிக்கைத் துரோகம் என்று அர்த்தமாம். முழு நம்பிக்கைத் துரோகம்.

ஹால் வெடித்தது. எங்கள் தெருக்காரர்கள் பெஞ்சின் மேல் ஏறிக் கை தட்டினார்கள். இத்தனை வருஷமாக ஷட்டருக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை ஒருவன் மைக்கில் சொல்லிவிட்டான் என்று நினைத்துவிட்டார்கள். தொண்டை கட்டிய குல்கர்னி காகா, "ஷாபாஷ்!" என்று உரக்கக் கத்தினார். பாவூ மட்டும் மெதுவாக நாற்காலியை இன்ஸ்பெக்டரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். எந்தப் பக்கம் சாய்வது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது. என்னைப் பார்த்து இந்தியில் நிதானமாகக் கேட்டார். "இதை எழுதியது யார்?"

இந்தக் கேள்விக்கு ஓர் ஆண்மகன் எத்தனையோ விதமாகப் பதில் சொல்லலாம். நானே எழுதினேன், தவறுக்கு நானே பொறுப்பு, என்று சொல்லலாம். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பெண்கள் வரிசையைப் பார்த்து விரலை நீட்டினேன்.

"அவதான் சாஹேப். என் பொண்டாட்டி."

(உண்மையான விஷ்வாஸ்காத் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அந்த ஹாலில் எல்லாருமே பார்த்தார்கள்.)

ரிஸ்வானா முன்னால் நடந்து வந்தாள். என் கையிலிருந்த காகிதத்தை உருவினாள். அப்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். பிறகு மைக்கை வாங்கி, மராட்டியில் பேசினாள். அதைப் பக்கத்திலிருந்த பள்ளிவாசல் தலைவர் எனக்கு இந்தியில் கிசுகிசுத்தார்.

"சாஹேப், மன்னிக்கணும். இவர் தமிழ்நாட்டுக்காரர். நான் சொன்னது 'குணி'. மராட்டியில் நாலு க இருக்கிறது, எங்கள் தமிழில் நாலுக்கும் ஒரே எழுத்துதான். படிக்கிறவர்தான் பார்த்துப் படிக்க வேண்டும்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லவனுக்கும் கொலைகாரனுக்கும் ஒரே எழுத்தா? அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள்?"

அவள் என்ன நினைத்தாளோ. என் மேல் இருந்த ஆத்திரமா, ஸ்கூட்டர் மேல் இருந்த ஆத்திரமா தெரியவில்லை. சட்டென்று சொல்லிவிட்டாள்.

"உங்க டிபார்ட்மென்ட்லயும் ரெண்டு பேருக்கும் ஒரே சட்டைதானே சாஹேப்? நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறோம்?"

மாமியாரின் கையில் தஸ்பீஹ் நின்றுவிட்டது. துபாய் விமானம் எங்கள் தலைக்கு மேலே காலியாகப் பறந்து போவதை நான் கண்ணால் பார்த்தேன். இர்ஃபான் இனிமேல் ஆயுள் முழுக்க என்னோடு குடைதான் விற்பான்.

அப்போது சுவரோரமாக 'புர்ர்' என்று ஒரு சத்தம். லேடி கான்ஸ்டபிள் வாயிலிருந்த டீ முழுவதையும் துப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க அடக்க அதிகமானது. இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவரின் மீசை ஆடியது. பிறகு அந்தக் கல்முகமும் உடைந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பாவூவும் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்காலி பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

"இவர் தெரியாமல் சொன்னதைத்தான் நீங்கள் எல்லாரும் தெரிந்தே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்கும் கேட்கும்" என்றார் இன்ஸ்பெக்டர் ஹாலைப் பார்த்து. பெஞ்சின் மேல் நின்றவர்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். அவர் ரிஸ்வானாவிடம் திரும்பி, "சொல்லம்மா. அந்த வரியை யார் மேல் கோபப்பட்டுச் சொன்னாய்?" என்று கேட்டார்.

அவள் ஸ்கூட்டர் கதையைச் சொன்னாள். அம்மா வீட்டுக்குப் போன வரியையும் விடவில்லை. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த, ஸ்டேஷனில் புகார் எழுதும் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் கூரையைப் பார்த்தார். அதற்கப்புறம் இன்னும் நாலைந்து பெண்கள் எழுந்தார்கள். ஒருத்திக்கு சங்கிலி, ஒருத்திக்கு செல்போன், எல்லாமே காணாமல் போனவை. அன்றைய கூட்டம் அதிலேயே போய்விட்டது. ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று முடிவு செய்ய இன்னொரு நாள் கூடிப் பேச வேண்டியதாயிற்று.

எல்லாருமாக வீடு திரும்பினோம். வாசலில் வைத்து மாமனார் சொன்னார். "மாப்ளே, தோஸ்தியும் ஆகாது துஷ்மனியும் ஆகாதுன்னு சொன்னேன். நீங்க ஒரே பேச்சுல ரெண்டையும் முடிச்சிட்டு வந்துட்டீங்க."

அந்த வாரமே ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்ததும், "அந்தக் குணி-குனி வீடு இதுதானே?" என்று கேட்டார். இர்ஃபானைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருக்கிறார். ஆனால் விசாரித்ததெல்லாம் என்னைத்தான். இன்னொரு தடவை சொல்லிக் காட்டும்படி கேட்டு, போனில் பதிவும் செய்துகொண்டார். இர்ஃபான் துபாய் போய்ச் சேர்ந்தான். ஸ்கூட்டர் இன்று வரை கிடைக்கவில்லை. ஆனால் அது இப்போது காணாமல் போன ஸ்கூட்டர் அல்ல. முறைப்படி வழக்குப் பதிந்து திருடப்பட்ட ஸ்கூட்டர். அதில் ரிஸ்வானாவுக்கு ஒரு தனிப் பெருமை. எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனதும் தெருவில் பொருள்கள் மறுபடியும் காணாமல் போகத் தொடங்கின. அமைதிக் கமிட்டியில் ரிஸ்வானா இப்போது உறுப்பினர். நான் பின்வரிசையில் அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு உட்காருவேன். டீ குடிப்பதற்கு மட்டும் வாயைத் திறக்கலாம் என்பது வீட்டு உத்தரவு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. "இந்த மழைக்கு வியாபாரம் நல்லா நடக்கும்னு ஒரு விஷ்வாஸ்..." என்று ஆரம்பித்தால், அடுப்படியிலிருந்து "காத்!" என்று குரல் வரும். துபாயிலிருந்து வீடியோவில் பேசும் இர்ஃபான்கூட "காத்!" என்பான்.

போன மாதம் என் மகள் நஸ்ரீன் நோட்டும் பேனாவுமாக வந்தாள். பள்ளிக்கூடத்தில், பெற்றோரைப் பேட்டி கண்டு எழுதி வரச் சொல்லியிருந்தார்களாம்.

"வாப்பா, உங்களுக்குப் போலீஸ் மேல நம்பிக்கை இருக்கா?"

முதல்முறையாக அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்தேன். அந்த இன்ஸ்பெக்டரை நினைத்தேன். கூரையைப் பார்த்த எழுத்தரை நினைத்தேன். டீயைத் துப்பிய அந்தப் பெண்ணை நினைத்தேன். இருந்தாலும் பிள்ளை எழுதிக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டப்போகிறதே என்று, பொறுப்போடு, மெதுவாகச் சொன்னேன்.

"பூர்ண விஷ்வாஸ்..."

"காத்!" என்றார்கள் ரிஸ்வானாவும் மாமனாரும் மாமியாரும் ஒன்றாக. நஸ்ரீன் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நோட்டு திரும்பி வந்தபோது அந்தப் பதிலுக்கு நேராக டீச்சர் சிவப்பு மையில் ஒரு பெரிய நட்சத்திரம் போட்டிருந்தார். டீச்சரின் கணவர் போலீஸ் டிபார்ட்மென்டில்தான் இருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.